ஸயான் தேசியப் பூங்காவுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: பேருந்து, பெர்மிட், தண்ணீர்

ஸயானிலிருந்து ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். காலை பத்து மணிக்கு நிதானமாகப் போய்ச் சேருகிறார்கள். வண்டி நிறுத்த இடமில்லை. எங்கேயோ நிறுத்திவிட்டு, பேருந்து வரிசையில் நின்று, உள்ளே போவதற்குள் உச்சி வெயில். ஆற்றுக்குள் நடக்கலாம் என்று கடைசி நிறுத்தம் வரை போனால், தண்ணீர் அதிகம், பாதை மூடியிருக்கிறது என்று பலகை தொங்குகிறது. சரி, மலையாவது ஏறலாம் என்றால் கையில் பெர்மிட் இல்லை. இத்தனையும் முந்தின நாள் சாயங்காலமே வீட்டிலோ ஓட்டலிலோ உட்கார்ந்து தெரிந்துகொண்டிருக்கக் கூடிய விஷயங்கள். எதை, எந்த வரிசையில் முடிவு செய்ய வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துத் தென்மேற்கில், வர்ஜின் ஆற்றின் வடகிளை நவாஹோ மணற்பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு இது. இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர்கள், சில இடங்களில் 2,000 அடி உயரம். 1909இல் முக்குன்டுவீப் என்ற பையூட் பழங்குடிப் பெயரோடு தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். 1919இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். ஸயான் என்பது விவிலியத்தில் வருகிற சீயோன்தான். 19ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய மார்மன்கள் வைத்த பெயர்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஆற்றுக்குள் நடப்பதுதான் உங்கள் ஆசை என்றால் ஏப்ரல், மே மாதங்களை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். மேலே மலைகளில் பனி உருகி வருகிற காலம் அது. ஆற்றுக்குள் நடக்கிற அந்த நாரோஸ் பாதை வாரக்கணக்கில் மூடிக் கிடப்பது வழக்கம். அதே மாதங்களில் மற்ற நடைகள் எல்லாம் அருமையாக இருக்கும். அருவிகள் நிறைந்து விழும்.

ஜூன், ஜூலையில் நிழலிலேயே 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை பருவமழை இடியோடு வரும், காட்டாற்று வெள்ளமும் அதோடு வரும். எங்கள் கணக்கில் செப்டம்பர் கடைசி வாரம் முதல் அக்டோபர் முடிய உள்ள நாட்களே சிறந்தவை: ஆறு இறங்கியிருக்கும், வெயில் தணிந்திருக்கும், அக்டோபர் கடைசியில் ஆற்றங்கரை காட்டன்வுட் மரங்கள் மஞ்சளாகிவிடும். குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, ஆனால் நிழலான பாதைகளில் பனிக்கட்டி உறைந்திருக்கும். காலணியில் மாட்டிக்கொள்ளும் பனிமுள் இல்லாமல் அப்போது மேலே ஏறக் கூடாது.

நுழைவுக் கட்டணம்: 2026இல் மாறியது

ஒரு காருக்கு 35 டாலர். ஏழு நாள் செல்லும். நடந்தோ சைக்கிளிலோ நுழைந்தால் ஆளுக்கு 20 டாலர். 2025 வரை இவ்வளவுதான் கணக்கு. 2026 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் வசிக்காதவர்கள் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 100 டாலர் கட்ட வேண்டும். பதினொரு பூங்காக்களில் இந்த விதி வந்திருக்கிறது. ஸயான், பக்கத்தில் உள்ள பிரைஸ் கேன்யன், கிராண்ட் கேன்யன் மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இந்தப் பூங்காக்கள் எல்லாவற்றுக்கும் செல்லும் வருடாந்திர பாஸ் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், மற்றவர்களுக்கு 250 டாலர். பாஸ் வைத்திருந்தால் இந்த 100 டாலர் கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் இரண்டு பெரியவர்கள் ஸயானை மட்டும் பார்த்தால் 235 டாலர். அதே பயணத்தில் பிரைஸ் கேன்யனும் பார்த்தால் இன்னொரு 235. அப்போது 250 டாலர் பாஸ்தான் லாபம். காரில் மூன்று பெரியவர்கள் என்றால் ஸயான் ஒன்றுக்கே பாஸ் மலிவாகிவிடும். 80 டாலர் பாஸை அங்கே வசிப்பதற்கான அமெரிக்க அரசு புகைப்பட அடையாள அட்டை உள்ளவர்களுக்கு மட்டுமே தருவார்கள். வாசலில் அட்டையைக் கேட்பார்கள், பாஸோடு அதையும் எடுத்து வையுங்கள்.

போய்ச் சேருவதும் தங்குவதும்

பெரும்பாலோர் லாஸ் வேகஸில் இறங்கி வண்டி எடுக்கிறார்கள். சுமார் 160 மைல், இரண்டரை முதல் மூன்று மணி நேரம். இதில் பலர் தவறவிடுவது நேர மண்டலம். யூட்டா ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வேகஸில் அதிகாலை 5 மணிக்குக் கிளம்பினால் ஸயானில் 9 மணி ஆகிவிடும். அது தாமதம். ஆகவே முந்தின இரவே பக்கத்தில் வந்து தங்கிவிடுவதுதான் சரி.

பூங்காவுக்குள் இருக்கிற ஒரே விடுதி ஸயான் லாட்ஜ். கூடாரம் போட வாட்ச்மன் முகாம் இருக்கிறது. ரெக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) என்ற முன்பதிவுத் தளத்தில் ஆறு மாதம் முன்னதாகவே பதிவு திறக்கும், நல்ல மாதங்களில் உடனே தீர்ந்தும் போகும். வாசலை ஒட்டிய ஊர் ஸ்பிரிங்டேல். வாடகை அதிகம்தான். ஆனால் ஓட்டல் வாசலிலேயே ஊர்ப் பேருந்து ஏறி, பூங்காவின் நடை வாசலில் இறங்கிக்கொள்ளலாம். செலவைக் குறைக்க அரை மணி நேரம் தள்ளி ஹரிக்கேன், லா வெர்க்கின் ஊர்களில் தங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் காலையில் அந்த அரை மணியை முன்கூட்டியே கழித்துக்கொள்ள வேண்டும். இரண்டு இரவு தங்குவதாக இருந்தால் ஒன்றையாவது ஸ்பிரிங்டேலில் வையுங்கள் என்பது எங்கள் ஆலோசனை.

கிழக்கு வாசல் வழியாக வருகிறவர்கள் 1930இல் திறந்த 1.1 மைல் சுரங்கப்பாதையைக் கடக்க வேண்டும். வீட்டு வண்டி எனப்படும் பெரிய ஆர்.வி. வாடகைக்கு எடுத்திருந்தால் அளவைப் பாருங்கள். 11 அடி 4 அங்குல உயரத்தையோ 7 அடி 10 அங்குல அகலத்தையோ தாண்டினால் 2026 ஜூனிலிருந்து இந்த வழி கிடையாது, சுற்றித்தான் வர வேண்டும். சாதாரணக் கார்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

கோலோப் கேன்யன்ஸ் என்பதும் இதே பூங்காவின் பகுதிதான். ஆனால் அதற்குத் தனி வாசல், ஐ-15 நெடுஞ்சாலையின் 40ஆம் வெளிவழியில். இங்கிருந்து உள்ளே புகுந்து அங்கே போகக் கார்ச் சாலை இல்லை. வரைபடத்தில் வழி போடும்போது ஸயான் கேன்யன் விசிட்டர் சென்டர் என்று முழுப்பெயரும் கொடுங்கள்.

ஷட்டில் பேருந்து

மார்ச்சிலிருந்து நவம்பர் வரையும், டிசம்பர் கடைசி விடுமுறை நாட்களிலும் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் கார்களுக்கு அனுமதியில்லை. இலவச ஷட்டில்தான். 2000ஆம் ஆண்டிலிருந்து இந்த ஏற்பாடு. டிக்கெட், முன்பதிவு எதுவும் வேண்டாம். வரிசையில் நின்று ஏறலாம், எந்த நிறுத்தத்திலும் இறங்கி மறுபடி ஏறலாம். லாட்ஜில் அறை பதிவு செய்தவர்கள் மட்டும் அது வரை காரில் போகலாம்.

நிறுத்தங்கள் ஒன்பது. விசிட்டர் சென்டர் 1. லாட்ஜ் 5, எமரால்ட் குளங்களுக்கு இங்கே இறங்க வேண்டும். குரோட்டோ 6, ஏஞ்சல்ஸ் லாண்டிங் என்ற பாறை உச்சிக்கு. டெம்பிள் ஆஃப் சினவாவா 9, ஆற்றுக்கு. முதலிலிருந்து கடைசி வரை ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகும். போகவர ஒன்றரை மணி நேரம் பேருந்திலேயே போய்விடும் என்பதைத் திட்டத்தில் சேருங்கள்.

விசிட்டர் சென்டர் வண்டி நிறுத்தம் நல்ல மாதங்களில் காலை எட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் நிரம்பிவிடும். முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்பது மாதத்துக்கு மாதம் மாறுகிறது. பூங்காவின் தளத்தில் பார்த்து, அதற்கு அரை மணி நேரம் முன்பே வரிசையில் நில்லுங்கள். நிறுத்தம் நிரம்பிவிட்டால் உள்ளேயே சுற்றிச் சுற்றி வராதீர்கள். திரும்பி ஸ்பிரிங்டேலுக்குப் போய் காசு கட்டி நிறுத்திவிட்டு ஊர்ப் பேருந்தில் வருவதுதான் வேகம்.

வரிசையே வேண்டாம் என்பவர்களுக்குச் சைக்கிள் ஒரு நல்ல வழி. ஸ்பிரிங்டேலில் மின்சைக்கிள் உட்பட வாடகைக்குக் கிடைக்கும். பின்னால் ஷட்டில் வந்தால் ஓரமாக நின்றுவிட வேண்டும். ஓடுகிற சைக்கிளைப் பேருந்து முந்தாது.

ஏஞ்சல்ஸ் லாண்டிங்

இந்த உச்சிக்குப் போகும் வழியில், சங்கிலியைப் பிடித்து ஏறும் கடைசிப் பகுதிக்கு 2022 ஏப்ரல் 1 முதல் பெர்மிட் கட்டாயம். ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் குலுக்கல் முறையில் தருகிறார்கள். பருவத்துக்கு ஒன்றாக வருடத்தில் நான்கு பெரிய குலுக்கல்கள், அதோடு ஒவ்வொரு நாளும் மறுநாளுக்கான குலுக்கல் ஒன்று. மறுநாள் குலுக்கல் யூட்டா நேரப்படி நள்ளிரவு 12:01க்குத் திறந்து பிற்பகல் 3 மணிக்கு மூடும். 4 மணிவாக்கில் முடிவு வரும். விண்ணப்பத்துக்கு 6 டாலர், ஒரே விண்ணப்பத்தில் ஆறு பேர் வரை சேர்க்கலாம். கிடைத்தால் ஆளுக்கு 3 டாலர். கிடைக்காவிட்டால் 6 டாலர் திரும்பாது. குழுவில் எல்லோரும் ஏறப்போவதில்லை என்றால் ஏறுகிறவர்கள் பெயரை மட்டும் கொடுங்கள்.

நடை மொத்தம் 5.4 மைல், ஏற்றம் சுமார் 1,490 அடி. முதல் பகுதி சிமென்ட் போட்ட ஏற்றம். பிறகு ரெஃப்ரிஜிரேட்டர் கேன்யன் என்ற குளிர்ந்த பிளவு. அதன் பின் வால்டர்ஸ் விகிள்ஸ், 21 கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுவர். அது முடிந்தால் ஸ்கவுட் லுக்அவுட். இது வரை யாரும் போகலாம், பெர்மிட் வேண்டாம். கழிவறையும் இங்கே இருக்கிறது.

அடுத்த அரை மைல்தான் ஆட்களைச் சோதிக்கிறது. பாறை முதுகில் சங்கிலியைப் பிடித்தபடி நகர வேண்டும். இரண்டு பக்கமும் ஆயிரம் அடி ஆழம், எதிரே இறங்கி வருகிறவர்களுக்கும் அதே சங்கிலி. ஸ்கவுட் லுக்அவுட்டில் நின்று அந்த முதுகைப் பார்க்கும்போது கால் கூசினால், அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். கூசுகிற கால் மேலே போகப் போக மோசமாகுமே தவிரச் சரியாகாது. இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். பாறையில் ஈரமோ பனியோ இருந்தாலும், தூரத்தில் இடி கேட்டாலும் பெர்மிட் கையில் இருக்கிறதே என்று ஏறக் கூடாது. மணற்பாறை நனைந்தால் வழுக்கும், அந்த உச்சியில் மின்னலுக்கு ஒதுங்க இடமே கிடையாது.

எளிய நடைகள்

சிறு குழந்தைகளோ முழங்கால் வலிக்கிறவர்களோ கூட இருந்தால் ரிவர்சைடு வாக் போதும், போகவர 2.2 மைல், தளம் போட்ட பாதை. நடக்கும்போது ஓரச் சுவரைப் பாருங்கள். நடுச்சுவரில் ஒரு கோடு போட்டதுபோல் நீர் கசிந்து, அங்கே மட்டும் பச்சைப் பசேலென்று பெரணிகள் தொங்கும். மேலே விழுகிற மழை மணற்பாறைக்குள் ஊறி ஊறி இறங்கி, கீழே உள்ள கயெண்டா என்ற இறுகிய அடுக்கைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் கசிகிறது. கோடு விழும் இடம் அந்த இரண்டு அடுக்குகளின் எல்லை.

பாரஸ் பாதை சமதளம். நாயோடு வருகிறவர்களுக்கு அனுமதியுள்ள ஒரே பாதையும் அதுதான். கேன்யன் ஓவர்லுக் போகவர ஒரு மைல்தான், காட்சியோ பெரியது. ஆனால் அது சுரங்கத்தின் கிழக்கு முனையில் இருக்கிறது. ஷட்டில் போகாது, வண்டி நிறுத்த ஏழெட்டு இடம் கிடைப்பதே அரிது. விடியற்காலையில் முதலில் அதை முடியுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நாரோஸ்: ஆற்றுக்குள் நடப்பது

ரிவர்சைடு வாக் முடிகிற இடத்தில் கரை முடிகிறது, அப்புறம் ஆறுதான் பாதை. சுவர்கள் 1,000 அடி உயரம், சில இடங்களில் இடைவெளி 20, 30 அடிதான். கீழிருந்து எதிர்நீச்சலாக நடந்து பிக் ஸ்பிரிங் வரை போய்த் திரும்பப் பெர்மிட் வேண்டாம், போகவர 9.4 மைல், சுமார் எட்டு மணி நேரம். மேலே சேம்பர்லின்ஸ் ராஞ்சிலிருந்து 16 மைல் இறங்கி வருவதற்குப் பெர்மிட் வேண்டும். அது முதல் முறை வருகிறவர்களுக்கு ஏற்றதில்லை. முழுத்தூரமும் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு மணி நேரம் உள்ளே போய்த் திரும்பினாலே அந்த இடத்தின் அழகு கிடைத்துவிடும்.

முந்தின நாள் இரண்டு எண்களைப் பாருங்கள். முதலாவது நீரோட்டம். அணைச் செய்திகளில் படிக்கிற அதே ‘விநாடிக்கு இத்தனை கன அடி’தான். அந்தச் செய்திகளில் ஆயிரக்கணக்கில் படித்துப் பழகியவர்களுக்கு 150 என்பது ஒன்றுமில்லாததுபோல் தோன்றும். அகன்ற ஆற்றுக்குத்தான் அந்தக் கணக்கு. 25 அடி இடைவெளியில் விநாடிக்கு 150 கன அடி என்றால், ஒவ்வொரு விநாடியும் நான்காயிரம் லிட்டருக்கு மேல் அந்த இடுக்கில் உங்களைச் சுற்றிப் பாய்கிறது. அந்த அளவைத் தாண்டினால் பூங்காவே பாதையை மூடிவிடும். 70ஐத் தாண்டினாலே நடப்பது சிரமம். முதல் முறை வருகிறவர்கள் 50, 60க்குக் கீழே இருக்கும் நாளைத் தேர்ந்தெடுத்தால் நிம்மதி.

இரண்டாவது வெள்ள அபாயக் கணிப்பு. எதிர்பார்க்கவில்லை, நேரலாம், நேரும் வாய்ப்பு அதிகம், எதிர்பார்க்கிறோம் என்று நான்கு படிகளில் வெளியிடுகிறார்கள். கடைசி இரண்டில் எதுவாக இருந்தாலும் ஆற்றுக்குள் இறங்காதீர்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பது எதற்கும் சாட்சியில்லை. மழை பல மைல் தள்ளி மேட்டில் பெய்யும். அங்கே வெறும் பாறை, மண் கொஞ்சம், உறிஞ்ச எதுவும் இல்லை. அத்தனை நீரும் இந்த ஒரு பிளவை நோக்கித்தான் ஓடி வரும். 2015 செப்டம்பரில் இதே பூங்காவின் கீஹோல் பிளவில் 7 பேர் இப்படி இறந்தார்கள். 2022 ஆகஸ்டில் நாரோஸிலேயே ஒருவரை வெள்ளம் அடித்துப்போனது.

உள்ளே இருக்கும்போது தெளிந்த நீர் கலங்கினாலும், சுள்ளியும் சருகும் மிதந்து வந்தாலும், இழுப்பு கூடினாலும், மேலிருந்து இரைச்சல் கேட்டாலும் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே கிடைக்கிற உயரமான திட்டில் ஏறி, நீர் இறங்கும் வரை அங்கேயே இருங்கள். வெள்ளத்தைவிட வேகமாக ஓடி வாசலுக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஸ்பிரிங்டேல் கடைகளில் மூடிய காலணி, நியோப்ரீன் சாக்ஸ், நீண்ட மரத்தடி மூன்றும் ஒரு தொகுப்பாக வாடகைக்குக் கிடைக்கும். முந்தின சாயங்காலமே வாங்கி, காலணியைப் போட்டு நடந்து பாருங்கள். ரப்பர் செருப்பு, கயிற்றுச் செருப்பு இரண்டும் வேண்டாம். ஆற்றின் அடியில் உருண்டைக் கற்கள், பாசி பிடித்துக் கிடக்கும். விரல்கள் இடையில் மாட்டினால் எலும்பே உடையும். ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் கனத்து இழுக்கும், காயாது. வெளியே 38 டிகிரி இருக்கும் நாளிலும் நீர் குளிர்ந்தே இருக்கும், வெயிலோ பள்ளத்தில் விழாது. சில மணி நேரத்தில் பல் கிட்டும். ஒரு மாற்றுச் சட்டையைத் தண்ணீர் புகாத பையில் வையுங்கள்.

ஆற்றைக் கடக்கும் முறை இது: நீர் அகன்று, சலசலவென்று ஓடுகிற இடத்தைத் தேடுங்கள், அங்கேதான் ஆழம் குறைவு. அசையாமல் கரும்பச்சையாக நிற்கிற இடம் மடு. நீர் வருகிற திசையைப் பார்த்து நின்று, தடியை முன்னால் ஊன்றி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகருங்கள். தடியும் இரண்டு காலுமாக மூன்று ஊன்றுகோல். ஒரு நேரத்தில் ஒன்றுதான் இடம் மாற வேண்டும். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையிலிருந்து விடுபட்டு எழுந்திருக்க அது உதவும்.

இந்த ஆற்று நீரைக் குடிக்காதீர்கள், வடிகட்டியிலும் நம்பிக்கை வைக்காதீர்கள். 2020 முதல் நச்சுள்ள நீலப்பச்சைப் பாசி இருப்பது தெரிந்திருக்கிறது. சாதாரண வடிகட்டியோ கொதிக்க வைப்பதோ அந்த நச்சை நீக்காது. தலையை நீரில் முக்கவும் வேண்டாம், குழந்தைகளை இதில் விசேஷமாகக் கவனியுங்கள்.

பையில் என்ன, திரும்புவது எப்போது

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர். விசிட்டர் சென்டர், லாட்ஜ், குரோட்டோ, டெம்பிள் ஆஃப் சினவாவா நிறுத்தங்களில் குழாய் உண்டு. பாதைகளில் எங்கும் கிடையாது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடலில் உப்பு குறைந்து தலைசுற்றலும் வாந்தியும் வரும். அதனால் உப்புள்ள தின்பண்டம் கூடவே வேண்டும். பள்ளத்தாக்குக்குள் பெரும்பாலும் சிக்னல் கிடைக்காது. வரைபடம், பெர்மிட், பேருந்து அட்டவணை எல்லாவற்றையும் போனில் முன்பே இறக்கி வையுங்கள். அணில்கள் கால்வரை வந்து கேட்கும். கொடுக்காதீர்கள், கடிக்கும், அபராதமும் உண்டு.

கிளம்பும் முன் கடைசிப் பேருந்து டெம்பிள் ஆஃப் சினவாவாவிலிருந்து எத்தனை மணிக்கு என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: வரிசைக்கு ஒரு மணி நேரம், ரிவர்சைடு வாக்குக்கு அரை மணி நேரம், ஆற்றில் உள்ளே போன நேரத்துக்குச் சமமாகத் திரும்பவும் நேரம். அந்த நிமிடம் வந்ததும், அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் திரும்பிவிடுங்கள். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் விசிட்டர் சென்டர் வரை எட்டு மைல், நனைந்த காலணியோடு இருட்டில் நடக்க வேண்டியிருக்கும். பையில் ஒரு டார்ச் லைட்டும் இருக்கட்டும்.